கணக்கும் வாழ்வும்: புள்ளியை யார் வைப்பது?

சென்ற இதழில் மடக்கை வாய்பாட்டைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதனைக் கண்ணுற்ற சங்க அன்பர் ஒருவர் ஓர் ஐயம் எழுப்பியுள்ளார். அவருடைய தந்தையார் பொறியாளராகப் பணியாற்றி மறைந்தவர். அவர் கையாண்ட ஸ்லைடு ரூல் ஒன்று வீட்டுப் பெட்டியில் கிடந்ததாம். பள்ளியில் பயிலும் தம் மகளுடன் சேர்ந்து அதனை இழுத்துப் பார்த்திருக்கிறார் அன்பர். "2ஐ 3ஆல் பெருக்கினாலும், 20ஐ 300ஆல் பெருக்கினாலும், 0.2ஐ 0.03ஆல் பெருக்கினாலும் இக்கோல் 6 என்னும் ஒரே விடையைத்தான் காட்டுகிறது. தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்று அது சொல்லவே இல்லை. புள்ளி தெரியாத கருவியை வைத்துக்கொண்டு அணைகளையும் பாலங்களையும் எப்படிக் கட்டினார்கள் என்று மகள் கேட்கிறாள். யாது விடை கூறுவது?" என்பது அவர் வினா.

சிறுமியின் வினா கூரியது. அதற்குரிய விடை அந்தப் பழைய கோலோடு முடிந்துவிடுவதும் அன்று. நம் பிள்ளைகள் இன்று கைப்பேசியில் போடும் கணக்கு வரைக்கும் அது நீள்கிறது. ஆதலின் இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் கோலின் அமைப்பைக் காண்போம். ஸ்லைடு ரூலில் அசையாத சட்டம் ஒன்றும், அதன் நடுவே முன்னும் பின்னும் நழுவும் பட்டை ஒன்றும், மேலே ஓடும் கண்ணாடி ஓட்டி ஒன்றும் இருக்கும். சட்டத்திலும் பட்டையிலும் பல அளவுக்கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் தலையாயவை இரண்டு: நடுப்பட்டையில் உள்ள 'சி' கோடும், அதனை ஒட்டிச் சட்டத்தில் உள்ள 'டி' கோடும். இவ்விரண்டிலும் எண்கள் சம தூரத்தில் அமைவதில்லை. அவற்றின் மடக்கைக்கு ஏற்பவே அமைகின்றன. கோட்டின் நீளம் 25 செ.மீ. என்று கொண்டால், 1இலிருந்து 2 ஏறத்தாழ 7½ செ.மீ. தொலைவிலும், 3 ஏறத்தாழ 12 செ.மீ. தொலைவிலும் இருக்கும். இவ்விரு நீளங்களையும் கூட்டினால் 19½ செ.மீ. ஆகும். அவ்விடத்தில் நிற்கும் எண் 6. பெருக்கல் கூட்டலாக மாறிவிட்டது. கூட்டலும் இரு குச்சிகளை முனையொட்டி வைப்பதாக மாறிவிட்டது. கோலின் மறைபொருள் இவ்வளவே.

இக்கருத்து முழு வடிவம் பெற நெடுங்காலம் ஆயிற்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் மடக்கையை 1614ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1620இல் எட்மண்ட் குண்டர் அதனை ஒரு கோட்டில் பொறித்தார். வில்லியம் ஆட்ரெட் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1620களில் அத்தகைய இரு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று நகரச் செய்தார். பிரெஞ்சு இராணுவ அதிகாரி அமெதே மான்ஹைம் 1850களில் அதற்குக் கண்ணாடி ஓட்டியும் ஒழுங்கான கோட்டு வரிசையும் அளித்து நாம் அறிந்த வடிவத்துக்குக் கொணர்ந்தார். 1972இல் ஹியூலட்-பேக்கார்ட் நிறுவனத்தின் சட்டைப்பைக் கணிப்பான் வெளிவந்த பின்னரே கோலின் ஆட்சி தளர்ந்தது. மூன்றரை நூற்றாண்டுக் காலம், அன்பரின் மகள் கண்ட அதே குறையோடுதான் அது உலகுக்கு உழைத்தது.

அக்குறை எதனால் வந்தது? 'சி', 'டி' கோடுகள் 1இல் தொடங்கி 10இல் முடிகின்றன. 10 முதல் 100 வரை உள்ள எண்களுக்குத் தனியே கோடு வரைந்தால் அது முன்னதைப் போலவே இருக்கும். 100 முதல் 1000 வரைக்கும் அவ்வாறே. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதால் ஒன்றை மட்டும் பொறித்து மற்றவற்றை விட்டுவிட்டனர். அதனால் 25 செ.மீ. நீளமும் ஒரு பத்து மடங்குக்கே கிடைக்கிறது. மூன்று இலக்கம் வரை தெளிவாகப் படிக்க முடிகிறது. அந்த நுட்பத்துக்குக் கொடுத்த விலையே புள்ளி.

இவ்விலையை ஈடுகட்ட அக்காலத்து மாணவர்க்கு ஒரு விதி கற்பித்தனர். பெருக்கும் இரு எண்களிலும் தசமப் புள்ளிக்கு இடப்பக்கம் எத்தனை இலக்கங்கள் உள்ளன என்று எண்ணிக் கூட்டவேண்டும். நடுப்பட்டை இடப்பக்கம் நீண்டு நின்றால் அக்கூட்டுத்தொகையே விடையின் இலக்க எண்ணிக்கை. வலப்பக்கம் நீண்டு நின்றால் அதில் ஒன்றைக் கழிக்கவேண்டும். 3.2 மீட்டர் அகலமும் 4.5 மீட்டர் நீளமும் உள்ள அறைக்குத் தரைக்கல் பதிக்க வேண்டும் என்போம். கோல் 1-4-4 என்னும் இலக்கங்களைக் காட்டும். பட்டை இடப்பக்கம் நீண்டிருக்கும். ஒன்றும் ஒன்றும் இரண்டு. எனவே விடை 14.4 சதுர மீட்டர். 2ஐ 3ஆல் பெருக்கும்போது பட்டை வலப்பக்கம் நீளும், இரண்டில் ஒன்று போக ஓர் இலக்கம், விடை 6. ஒன்றுக்குக் குறைந்த எண்களுக்கும் இவ்விதி பொருந்தும். 0.5க்கு இலக்கம் சுழி என்றும், 0.05க்கு எதிர்மறை ஒன்று என்றும் கொள்ளவேண்டும். நீண்ட கணக்கில் இவ்வெண்ணிக்கை மறந்துபோகாதிருக்க, கண்ணாடி ஓட்டியிலேயே அதனைக் குறித்து வைக்கும் சிறு முள்ளைப் பொருத்திய கோல்களும் விற்பனைக்கு வந்தன.

விதி பிழையற்றதுதான். எனினும் பத்துப் படிகள் உள்ள கணக்கில் ஒவ்வொரு படியிலும் பட்டை எப்பக்கம் நீண்டது என்று நினைவில் வைப்பது தொல்லை. ஆகவே தேர்ந்தவர் பலர் வேறொரு வழியில் சென்றனர். 3.2ஐ 3 என்றும் 4.5ஐ 5 என்றும் மனத்தில் வைத்துப் பெருக்கினர், 15 வந்தது. ஆகவே விடை 1.44 அன்று, 144உம் அன்று, 14.4தான் என முடிவு செய்தனர். நம் வழக்கில் இதற்குக் 'குத்துமதிப்பு' என்று பெயர். இலக்கங்களைக் கோல் தந்தது. புள்ளியைக் குத்துமதிப்பு வைத்தது.

சில வகைக் கணக்குகளில் குத்துமதிப்பு ஒன்றே போதுவதில்லை. அங்கேதான் சிறப்பு அளவுக்கோடுகள் உதவிக்கு வருகின்றன. அன்பரின் கோலில் 'ஏ' என்று குறித்த கோடு ஒன்று இருக்கக் காணலாம். அதில் 1 முதல் 10 வரையிலான பகுதி இடப்பாதியிலும், 10 முதல் 100 வரையிலான பகுதி வலப்பாதியிலும் சுருக்கிப் பொறிக்கப்பட்டிருக்கும். இதில் உள்ள எண்ணுக்கு நேர் கீழே 'டி' கோட்டில் அதன் வர்க்கமூலம் நிற்கும். 2500க்கு மூலம் 50. ஆனால் 250க்கு மூலம் ஏறத்தாழ 15.8. இலக்கங்களே வேறாகிவிட்டன! பெருக்கலில் புள்ளி தவறினால் இலக்கங்களாவது எஞ்சும். வர்க்கமூலத்தில் புள்ளி ஓரிடம் தவறினால் இலக்கங்களும் போய்விடும். ஆதலின் 'ஏ' கோட்டின் எப்பாதியில் எண்ணை வைப்பது என்று முன்னரே அறிதல் வேண்டும். பள்ளியில் வர்க்கமூலம் காணும்போது புள்ளியிலிருந்து இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரிப்போம் அல்லவா? அவ்வாறு பிரித்தபின் முதற்பகுதியில் ஓர் இலக்கம் நின்றால் இடப்பாதி. இரண்டு நின்றால் வலப்பாதி. 250இல் 2 தனித்து நிற்கிறது. 2500இல் 25 நிற்கிறது. கனமூலத்துக்கு உரிய 'கே' கோடு இதே முறையில் மூன்று பகுதிகளாக அமைந்திருக்கும்.

சைன் கோடுகளிலும் இவ்வுதவி உண்டு. ஏறத்தாழ 5.7 பாகை முதல் 90 பாகை வரை உள்ள கோணங்கள் ஒரு கோட்டில் உள்ளன. அவற்றின் சைன் மதிப்பு 0.1க்கும் 1க்கும் இடையே அமையும். அதனினும் சிறிய கோணங்கள் வேறொரு கோட்டில் உள்ளன. அவற்றின் மதிப்பு 0.01க்கும் 0.1க்கும் இடையே அமையும். எக்கோட்டில் கோணத்தைக் கண்டோமோ அக்கோடே புள்ளியின் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

இவை அனைத்தினும் வியப்பானது 'எல்.எல்.' எனப்படும் இரட்டை மடக்கைக் கோடு. இதன் கருத்தை 1815ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டியின் வாயிலாக வெளியிட்டவர் பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர். ஆங்கிலச் சொற்களைப் பொருள்வகையாகத் தொகுத்து 1852இல் நிகண்டு போன்ற நூல் ஒன்றை வெளியிட்டுப் புகழ் பெற்ற அதே ரோஜேதான். இக்கோட்டில் எண்கள் மடக்கையின் மடக்கைப்படி நிற்பதால் 1.05க்கு ஓரிடமும் 10.5க்கு வேறோரிடமும் உண்டு. ஆகவே படித்ததே விடை. புள்ளியைத் தேட வேண்டியதில்லை.

வீட்டுக் கணக்கு ஒன்றால் இதனை விளக்குவோம். ஆண்டுக்கு நூற்றுக்கு 7 கூட்டுவட்டியில் ஒரு ரூபாயை இட்டால் பத்தாண்டில் எவ்வளவாகும்? முதல் எல்.எல். கோட்டில் 1.07ஐக் கண்டு, கண்ணாடி ஓட்டியை அசைக்காமல் அடுத்த எல்.எல். கோட்டைப் பார்த்தால் 1.97 என்று இருக்கும். பத்து மடங்கு அடுக்கு என்பது அடுத்த கோட்டுக்குத் தாவுவதே ஆகும். மூன்றாம் கோட்டையும் பார்த்தால் நூறாண்டுக்குப் பின் உள்ள தொகை தெரியும். ஏறத்தாழ 870 ரூபாய்! பாட்டன் இட்ட ஒரு ரூபாய் பேரனுடைய பேரனுக்கு என்ன ஆகும் என்பதைப் புள்ளிப் பிழையின்றி ஒரு கோல் காட்டுகிறது.

மின்னணுத் துறையினருக்கு இவையும் போதவில்லை. வானொலிப் பெட்டியில் ஒரு கம்பிச்சுருளும் ஒரு கண்டென்சரும் சேர்ந்தே எந்த அதிர்வெண்ணைப் பிடிப்பது என்று முடிவு செய்கின்றன. சுருளின் அளவு ஹென்றியில் இலட்சத்தில், பத்து இலட்சத்தில் பங்காக இருக்கும். கண்டென்சரின் அளவோ ஃபேரடில் இலட்சங்கோடியில் சில நூறு பங்காக இருக்கும். விடை விநாடிக்கு இலட்சக்கணக்கான அதிர்வுகளாக வரும். இவ்வளவு பெரிய வீச்சில் குத்துமதிப்பு தடுமாறும். போதாக்குறைக்கு நடுவே வர்க்கமூலமும் வருகிறது. 250 மைக்ரோஹென்றிச் சுருளும் 100 பிகோஃபேரட் கண்டென்சரும் சேர்ந்தால் ஏறத்தாழ 1007 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலைவரிசையின் உள்ளே நிற்கும். புள்ளியை ஓரிடம் பிழையாகக் கொண்டு வர்க்கமூலம் கண்டால் 318 என்றோ 3183 என்றோ வரும். இரண்டும் அவ்வலைவரிசைக்கு வெளியே போய்விடும். அவ்விடையை நம்பிச் செய்த பெட்டியில் மத்திய அலை நிலையம் எதுவும் ஒலிக்காது.

இதன் பொருட்டு அமெரிக்காவின் பிக்கெட் நிறுவனம் வெளியிட்ட என்-16 ஈ.எஸ். என்னும் கோலிலும், மூங்கிலால் கோல் செய்து புகழ் பெற்ற ஜப்பானின் ஹெம்மி நிறுவனம் வெளியிட்ட 266ஆம் எண் கோலிலும் புள்ளியின் இடத்தைக் காட்டுவதற்கென்றே தனிக் கோடுகள் பொறிக்கப்பட்டன. அவற்றின் தத்துவம் எளிது. ஒரு பத்து மடங்குக்கு முழு நீளத்தையும் கொடுக்காமல், பல பத்து மடங்குகளை ஒரே நீளத்தில் நெருக்கிப் பொறித்துவிடுவது. நெருக்கிய கோட்டில் இலக்கங்கள் துல்லியமாகத் தெரியமாட்டா; ஆனால் விடை ஆயிரங்களிலா, இலட்சங்களிலா என்பது தெரிந்துவிடும். பின்னர் விரிந்த கோட்டில் இலக்கங்களைப் படித்துக்கொள்ளலாம்.

நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் செய்வதும் இதுவே. பெரிய முள் நிமிடத்தைத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் காலை 8 மணிக்கும் 9 மணிக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கும். சிறிய முள் மெல்ல நகரும்; அதைக் கொண்டு நிமிடம் படிக்க முடியாது; ஆயினும் எந்த மணி என்பதை அதுவே சொல்லும். பெரிய முள் மட்டும் உள்ள கடிகாரத்தை நம்பி எவரேனும் வண்டி பிடிக்கப் புறப்படுவரோ? 'சி', 'டி' கோடுகள் பெரிய முள். நெருக்கிய கோடு சிறிய முள். அஃது இல்லாத கோலில் மனிதனின் மதிப்பீடே சிறிய முள்ளாக நின்றது. அன்பர் தம் மகளுக்குக் கூறவேண்டிய விடை இதுதான்: அணை கட்டியவர்கள் புள்ளி தெரியாமல் கட்டவில்லை, கோலைத் தொடுமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு என்று மனத்தில் கண்டுவைத்தனர்.

நம் முன்னோர் எண் எழுதிய முறையிலும் இந்தச் சிறிய முள் அமைந்திருந்தது. பழைய தமிழ் எண் முறையில் இருநூற்றைம்பதை ௨௱௫௰ என்று எழுதுவர். ௱ என்பது நூறு. ௰ என்பது பத்து. இலக்கத்தின் அருகிலேயே அதன் பருமனும் நிற்கிறது. பின்னங்களும் அவ்வாறே: அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. மாவையும் காணியையும் பேச்சில் மயங்கிக் கொள்வது எளிதன்று. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று நாட்டில் தசம நாணயம் வருமுன் இருந்த ரூபாய், அணா, பைசாக் கணக்கிலும் ஒவ்வொரு படிக்கும் தனிப்பெயர் இருந்தது. தசம முறை கணக்கிடுவதற்கு மிக எளிது என்பதில் ஐயமில்லை. அதனால்தான் உலகம் அதனை ஏற்றது. ஆயினும் அதில் பருமன் முழுவதும் ஒரு சிறு புள்ளியின் தலையில் ஏறிவிட்டது. புள்ளி அழிந்தால் பத்து மடங்கு. ஒரு சுழி கூடினாலும் பத்து மடங்கு.

இன்று கைப்பேசியே புள்ளியை வைத்துத் தருகிறது. அதனால் நாம் விடையை முன்கூட்டி மதிப்பிடும் பழக்கத்தை விட்டுவிட்டோம். கருவி தவறுவதில்லை, தட்டும் விரல் தவறும். 450 ரூபாய் அனுப்ப வேண்டிய இடத்தில் ஒரு சுழி கூடினால் 4500 போய்விடும். கோலைக் கையாண்டவர் விடையை ஐயுற்று நோக்கக் கட்டாயப்பட்டிருந்தார். நமக்கு அக்கட்டாயம் இல்லை. ஆகவே ஐயமும் இல்லை.

பணம் போனால் திரும்பி வரலாம். மருந்தில் அவ்வாறு அன்று. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் நம் நாட்டில் குழந்தைகளுக்குப் பல செறிவுகளில் கிடைக்கிறது. பாகு மருந்தில் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் உண்டு, சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கே 100 மி.கி. உண்டு. மருத்துவர் சொட்டு மருந்தில் 1.5 மி.லி. என்று எழுதியதைப் புள்ளி மங்கிய சீட்டில் 15 மி.லி. என்று படித்தால், 150 மி.கி. கொடுக்க வேண்டிய குழந்தைக்கு 1500 மி.கி. போய்ச் சேரும். அவ்வளவு மருந்து பிஞ்சுக் கல்லீரலைக் கெடுத்துவிடக்கூடும். மருந்துப் பிழைகளைத் தடுக்க முனைவோர் இதன் பொருட்டே இரு நெறிகளை வலியுறுத்துகின்றனர். அரையை '.5' என்று எழுதாமல் '0.5' என்று எழுதவேண்டும், ஐந்தை '5.0' என்று எழுதாமல் '5' என்றே எழுதவேண்டும். முன்னதில் புள்ளி மறைந்தால் 5 ஆகிவிடும். பின்னதில் மறைந்தால் 50 ஆகிவிடும்.

இங்கும் குத்துமதிப்பு காவல் நிற்கும். புட்டியோடு வரும் சொட்டுக்குழாய் ஒரு மி.லி. கொள்ளும் என்றால், 15 மி.லி. கொடுக்கப் பதினைந்து முறை நிரப்பவேண்டும். கைக்குழந்தைக்குப் பதினைந்து குழாய் மருந்தா என்று கை தயங்க வேண்டும். அத்தயக்கமே நம் சிறிய முள். தயங்கியபின் நாமாகத் திருத்திவிடவும் கூடாது. மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டுத் தெளிதல் வேண்டும். புதிய ஊரில், மொழி முழுதும் வசப்படாத நிலையில், சீட்டை வாங்கிக்கொண்டு வாய்மூடித் திரும்பும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. கூச்சத்தை விட்டு, 'ஒன்றரையா, பதினைந்தா?' என்று அவ்வூர் மொழியில் கேட்கும் அளவுக்கேனும் எண்ணுப்பெயர்களை வீட்டில் அனைவரும் கற்றுக்கொள்ளல் நன்று. புள்ளி கண்ணுக்குத் தப்பலாம். 'ஒன்றரை' என்னும் சொல் செவிக்குத் தப்பாது.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கணக்குப் பயில்கின்றனர். அதனைத் தமிழில் கற்பிக்க நமக்கு நேரமும் வாய்ப்பும் குறைவு. குத்துமதிப்பையாவது தமிழில் கற்பிக்கலாம். காய்கறிக் கடையில், மளிகைச் சீட்டில், பயணத்தில், கைப்பேசியை எடுக்குமுன் "ஏறத்தாழ எவ்வளவு வரும், சொல் பார்க்கலாம்" என்று கேளுங்கள். பிள்ளை சொன்ன பின்னரே கருவியைத் தொடச் செய்யுங்கள். இரண்டும் அருகருகே வந்தால் மகிழலாம். பத்து மடங்கு விலகினால், இரண்டில் எது தவறியது என்று இருவருமாகத் தேடலாம்.

அன்பரின் வீட்டிலோ அதற்கு உகந்த கருவி ஏற்கெனவே இருக்கிறது. அக்கோலைப் பெட்டியில் மீண்டும் வைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். மகள் அதில் நாளுக்கு ஒரு பெருக்கல் போடட்டும். இலக்கங்களைக் கோல் சொல்லட்டும். புள்ளியை அவள் வைக்கட்டும்.